காற்று அடிக்காத திங்கட்கிழமை

மார்ச் 3, திங்கள்

இன்று பதினோரு பேருக்கு இண்டக்ஷன், அதாவது பாதுகாப்பு வகுப்பு. சைட்டுக்குள் புதிதாகக் கால் வைக்கிற யாராக இருந்தாலும் என் கண்டெய்னர் அறையில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து நான் கத்துவதைக் கேட்டாக வேண்டும். மூன்று பேர் தூங்கினார்கள். ஒருத்தரை எழுப்பி, தலைக்கு மேலே லோடு போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். கண்ணை மூடிக்குவேன் என்றார். அறையே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். நான் சிரித்தால் அப்புறம் எவன் மதிப்பான்?

பதினோரு மணிக்கு ஒரு கலவரம். ஒன்பதாம் மாடிக்குக் கம்பிக் கட்டு ஏறிக்கொண்டிருந்தது. பாதியில் அப்படியே நின்றுவிட்டது. நாலு நிமிஷம் அந்தரத்தில் தொங்கியது. கீழே விசில் இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு நிற்கிறார். அவர்தான் கிரேனுக்குச் சிக்னல் கொடுப்பவர். ஒரு காலத்தில் விசில் அடித்தே வேலை நடத்தினவராம், அதனால் அந்தப் பேர். அவர் வாக்கி-டாக்கியில் பேட்டரி போய்விட்டது. வேறு பேட்டரி போட்டதும் லோடு நல்லபடியாக ஏறியது.

கிரேன் ஓட்டுவது என் அக்கா வீட்டுக்காரர். என்ன ஆச்சு என்று கேட்டதற்கு, காற்று அடித்தது, சந்தேகமாக இருந்தது, நிறுத்திட்டேன் என்றார். நான் வாய் ஓயாமல் சொல்வது அதுதானே, சந்தேகம் வந்தால் நிறுத்து என்று. உச்சி குளிர்ந்துபோய் ரிஜிஸ்டரில் எழுதினேன்: 'காற்று காரணமாக லோடு நிறுத்தப்பட்டது. நல்ல முன்னுதாரணம்.'

மார்ச் 4, செவ்வாய்

காலைக் கூட்டத்தில் நூற்றுப்பத்து பேர் முன்னால் அத்தானுக்கு இந்த மாதத்துப் பாதுகாப்புப் பரிசு கொடுத்தேன். எல்லாரும் கை தட்டினார்கள். விசில் தட்டவில்லை, கையுறையைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்.

மார்ச் 7, வெள்ளி

வார அறிக்கை. கிரேன் உச்சியில் காற்றை அளக்கிற கருவி இருக்கிறது, பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை தானாகவே பதிவு செய்யும். திங்கட்கிழமைப் பக்கத்தை ஒட்டிவைக்கலாம் என்று எடுத்தேன்.

பத்து ஐம்பது, பதினொன்று, பதினொன்று பத்து. மூன்றிலும் ஒன்றுமில்லை. அன்றைக்குக் காற்றே இல்லை. காயப்போட்ட துணிகூட அசைந்திருக்காது.

கருவி கெட்டிருக்குமோ? மற்ற நாளெல்லாம் சரியாகத்தான் காட்டுகிறது. நான் ஏன் அன்றைக்கே இதைப் பார்க்கவில்லை? வேறு எவனாவது காற்று என்று சொல்லியிருந்தால் பார்க்காமல் விட்டிருப்பேனா? சொன்னது அத்தான். அதுவும் நான் சொல்லிக்கொடுத்ததையே சொன்னார்.

மார்ச் 8, சனி

அத்தானுடைய ஃபைலை எடுத்தேன். அபாய வேலை லைசென்ஸ் ஜனவரியில்தான் புதுப்பித்தது. மருத்துவச் சான்று இருக்கிறது. பார்வை இரண்டு கண்ணும் நன்று. முத்திரை, கையெழுத்து, எல்லாம் கனகச்சிதம். ஒவ்வொரு காகிதத்திலும் 'சரிபார்த்தேன்' என்று என் கையெழுத்து.

பிற்பகல் முழுக்கக் கிரேனையே பார்த்துக்கொண்டிருந்தேன். விசில் பேசிக்கொண்டே இருக்கிறார். இடது, இடது, இன்னும் ரெண்டு அடி, போதும், இறக்கு. வாய் மூடவே இல்லை. இவர்கள் இரண்டு பேரையும் நல்ல ஜோடி என்று நான் எத்தனை தடவை மெச்சியிருக்கிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

அக்கா வீட்டுக்குப் போனேன். சும்மாதான் வந்தேன் என்றேன். சும்மா எங்கே வந்தேன், உளவு பார்க்க வந்தேன். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

டிவியில் கிரிக்கெட். அத்தான் டிவிக்கு நேர் எதிரே உட்கார்ந்துகொண்டு மகளிடம் ஸ்கோர் கேட்டுக்கொண்டிருந்தார். அரை மணி நேரத்தில் ஏழு தடவை. அவளும் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கித் தூக்கி டிவியைப் பார்த்துச் சொன்னாள், பழகிப்போனது போல. வாசலில் பைக் தூசி படிந்து நின்றது. ஓட்டுவதில்லையா என்றேன். முதுகு வலி, பஸ்ஸில்தான் போகிறார் என்றாள் அக்கா.

அடுக்களையில் பாத்திரம் துலக்கிக்கொண்டே லைசென்ஸ் எடுத்த கதையைப் பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். அக்காவுக்குச் சூதுவாது தெரியாது. சிரித்துக்கொண்டே சொன்னாள்: "அன்னிக்கு ஒரே கூட்டம்டி. அந்தக் கண்ணு போர்டுக்குப் பக்கத்துலயே ஒன்றரை மணி நேரம் நின்னோம். உங்கத்தான் என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கிட்டே இருந்தாரு. இப்பக் கேட்டாலும் கடைசி வரி வரைக்கும் சொல்லுவேன்."

கையில் இருந்த தட்டைக் கீழே போடாமல் இருந்ததே பெரிய விஷயம்.

அக்காவுக்குத் தெரியுமா? தெரிந்துகொண்டே சொன்னாளா? இல்லை, தெரியாது. தெரிந்தால் என்னிடம் சொல்லவே மாட்டாள்.

மார்ச் 10, திங்கள்

விசிலைத் தனியாகக் கூப்பிட்டேன். முதலில் மழுப்பினார். வாக்கி-டாக்கி, பழைய பேட்டரி, ஸ்டோர்க்காரன் மோசம் என்று சுற்றி வளைத்தார். காற்றுப் பதிவை எடுத்து முன்னால் வைத்தேன். அதை என் பக்கமே திருப்பி வைத்தார்.

"கை காட்டினா அவருக்குத் தெரியாது மேடம். ஒரு வருஷமா நான் வாயால சொல்றதுலதான் ஓட்டுறாரு."

அப்புறம் ஏன் சொல்லவில்லை என்றேன், குரல் எனக்கே உயர்ந்துவிட்டது. முன்பு வேலை பார்த்த சைட்டில், கழன்று விழ இருந்த ஒரு லோடை விசிலின் தலைக்கு மேலேயிருந்து தள்ளி இறக்கிக் காப்பாற்றியவர் அத்தான்தான் என்றார். லோடுக்குக் கீழே நிற்பது நீங்கள்தானே ஐயா, உங்கள் உயிர்தானே என்றேன். அதனால்தான் வேறு யாரையும் கிட்ட விடுவதில்லை என்றார். இவரை என்ன சொல்லித் திட்டுவது? நான் திட்ட எனக்கு என்ன யோக்யதை இருக்கிறது, பரிசு கொடுத்தவள்.

இன்றைக்கே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. அக்கா முகம் வந்து முன்னால் நிற்கிறது.

மார்ச் 11, செவ்வாய்

நாற்பத்தொரு லோடு. ஒவ்வொன்றையும் எண்ணினேன். சிமெண்ட் படிக்கட்டுத் துண்டு ஒன்று, இரண்டு டன், ஏறும்போது தடுப்புக் கயிற்றுக்கு வெளியே நின்றவர்களையும் இன்னும் தள்ளிப்போ தள்ளிப்போ என்று விரட்டினேன். ஹெல்மெட் மேடத்துக்கு (சைட்டில் என் பட்டப்பேர்) இன்னிக்கு என்னமோ ஆயிடுச்சு என்று பேசிக்கொண்டார்கள். ஆகித்தான் விட்டது. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளுகிற நான்தான் தினமும் காலையில் இவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன்.

மார்ச் 12, புதன்

செய்துவிட்டேன். எழுத்து கோணல்மாணலாக வருகிறது.

காலை ஒன்பதரை. கொக்கி காலியாக இருந்தது, லோடு எதுவும் இல்லை. விசிலை மைக்கைத் தொடாமல் இருக்கச் சொன்னேன். கீழே முற்றத்தில் ஆளை எல்லாம் ஒதுக்கிவிட்டு, கிரேன் அறைக்கு நேர் எதிரே, மஞ்சள் சட்டையோடு போய் நின்றேன். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி விரித்தேன். நிறுத்து என்று அர்த்தம். இந்தச் சைகையை யார் காட்டினாலும், டீ கொண்டுவருகிறவர் காட்டினாலும், கிரேன் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். அதுதான் சட்டம்.

நிற்கவில்லை. கிரேனின் நீண்ட கை சும்மா ஆடிக்கொண்டே திரும்பி என் தலைக்கு மேலே போய்விட்டு, மறுபடி வந்தது. நான் கையை இறக்கவில்லை. பாருங்க அத்தான், ஒரு தடவை பாருங்க, நான் நினைச்சது எல்லாம் தப்புன்னு ஆக்கிடுங்க — இதையே மனசுக்குள் சொல்லிக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. தோள்பட்டை கடுத்துப்போனது.

கடைசியில் விசில் கையிலிருந்து மைக்கை வாங்கினேன். சைட்டில் அவரை ஆபரேட்டர் என்றுதான் கூப்பிடுவேன், அவரும் கிண்டலாக மேடம் என்பார். இன்றைக்கு என் வாயில் அது வரவில்லை. "அத்தான், நிறுத்திட்டுக் கீழ வாங்க" என்றேன். எத்தனை வாக்கி-டாக்கியில் கேட்டதோ. கேட்கட்டும்.

ஏணியில் இறங்கி வர இருபது நிமிஷம் ஆனது. ஒவ்வொரு படியையும் காலால் துழாவித் துழாவி வைத்தார். இத்தனை நாள் அதையும் நான் நிதானம் என்று நினைத்திருக்கிறேன்.

கோபப்படுவார், மறுப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று. எப்போதிலிருந்து உனக்குத் தெரியும்? வெள்ளிக்கிழமையிலிருந்து என்றேன்.

"அப்ப அஞ்சு நாளா என்னை மேல விட்டுவச்சிருக்கே. அந்த ஆளையும் கீழ நிக்க விட்டிருக்கே."

குற்றம் சொல்லுகிற குரலில் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. கண்டெய்னருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

மார்ச் 13, வியாழன்

ப்ராஜெக்ட் மேனேஜர் தாம் தூம் என்று குதித்தார். ஸ்லாப் போடுகிற வாரம், இந்த லைசென்ஸ் உள்ள ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு. ரிஜிஸ்டரில் கிரேன் பராமரிப்பு என்று எழுதிக்கொள்ளச் சொன்னார். முடியாது என்றேன். காற்று என்று எழுதினது தவறு, பதிவைப் பார்க்காமல் எழுதினேன், வெள்ளிக்கிழமை சந்தேகம் வந்தும் புதன்கிழமைதான் நிறுத்தினேன். எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் வேலை போகலாம். போனால் போகட்டும் என்று எழுத ஆசைதான். பயமாக இருக்கிறது.

சாயங்காலம் அக்கா போன். "நீ எனக்குத் தங்கச்சியா, இல்ல அந்தக் கம்பெனிக்குத் தங்கச்சியா?" வைத்துவிட்டாள்.

மார்ச் 15, சனி

நாலு தடவை கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

மார்ச் 19, புதன்

அக்கா பொண்ணு போன் செய்தாள், அம்மாவுக்குத் தெரியாமல். கண்ணில் அழுத்தமாம். வலது கண் பெரும்பாலும் போய்விட்டது, திரும்பாது. இடது கண்ணுக்குச் சொட்டு மருந்து, விடாமல் போட்டால் இருக்கிறதைக் காப்பாற்றலாம். இன்னும் ஆறு மாதம் விட்டிருந்தால் அதுவும் போயிருக்கும் என்று டாக்டர் திட்டினாராம். அம்மா அதைக் கேட்டதிலிருந்து யாரோடும் பேசவில்லை சித்தி என்றாள். என்மேல் இன்னும் கோபமா என்று கேட்க வாய் வரை வந்தது. சின்னப் பெண்ணிடம் அதையா கேட்பது, விட்டுவிட்டேன்.

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. வேலை இருக்கிறது. கிரேன்தான் அசையாமல் நிற்கிறது, மேனேஜர் தினமும் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்கிறார்.

மார்ச் 26, புதன்

ஒருவழியாக எங்கேயோ தேடிப்பிடித்துப் புது கிரேன் ஆபரேட்டரைக் கூட்டிவந்துவிட்டார்கள். லைசென்ஸ், மருத்துவச் சான்று, எல்லாம் கச்சிதம். மேனேஜர் முகத்தில் பதினைந்து நாளுக்கு அப்புறம் சிரிப்பு. மதியம் கிரேன் ஓட வேண்டும், சீக்கிரம் இண்டக்ஷனை முடி என்றார்.

அறையில் ஆறு பேர். ஆறாவது ஆள் அத்தான். ஸ்டோரில் சாமான் எடுத்துக் கொடுக்கிற வேலை போட்டிருக்கிறார்கள். வேலை மாறினால் முதலிலிருந்து இண்டக்ஷன், சட்டம் அது. வந்து முன் வரிசையில் உட்கார்ந்தார். அக்கா எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். இருக்கிறாள் என்றார்.

கடைசியில் தாளைக் கொடுத்தேன். அதில் ஏழாம் கேள்வி: இந்த வேலைக்குத் தடையாக உடம்பில் ஏதாவது குறை உண்டா? பன்னிரண்டு வருஷமாக இந்தத் தாளைக் கொடுக்கிறேன். ஒருத்தர்கூட இல்லை என்பதைத் தவிர வேறு எழுதினதில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கூட இல்லை என்றுதான் எழுதுவார்.

அத்தான் தாளை முகத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினார். எழுதி முடித்து என்னிடம் நீட்டிவிட்டு, எழுத்து சரியா வந்திருக்கா, வாசிச்சுச் சொல்லு என்றார். வாசித்தேன், எல்லாருக்கும் கேட்கத்தான்: "உண்டு. வலது கண் தெரியாது. இடது கண் பாதி தெரியும். என்னிடம் கை காட்ட வேண்டாம், பேர் சொல்லிக் கூப்பிடவும்."

மற்றவர்களும் தாளைக் கொடுத்துவிட்டு எழுந்து போனார்கள். நான் ஹெல்மெட்டில் ஒட்டுகிற ஸ்டிக்கர்களை எடுத்துக்கொண்டிருந்தேன். வெளியே போன புது ஆபரேட்டர் திரும்பி வந்து வாசலிலேயே நின்றார்.

"மேடம், என் பேப்பரைக் கொஞ்சம் குடுங்க. ஏழாவதை மாத்தி எழுதணும்."

கொடுத்தேன். கிரேன் இன்றைக்கும் ஓடவில்லை.