நான் திருத்திய பாட்டு

அன்புள்ள வாயாடிக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்துவிட்டதாம், உனக்கு எழுதச் சொன்னார்கள். மாடிப்படி ஏறும்போது முனகுவதை மட்டும் எழுதக் கூடாதாம். எழுதிவிட்டேன். லேப்பில் வேலை நெருக்குகிறது. பல் டாக்டர்கள் எல்லோரும் ஒரே வாரத்தில் விழித்துக்கொண்ட மாதிரி அளவு அனுப்புகிறார்கள். என் மேஜையில் இன்று மட்டும் பதினோரு பல் செட் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறது.

வாரத்துக்கு மூன்று தடவை போனில் பேசுகிறவனுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் எனக்கு நாக்கு வழுக்கிவிடுகிறது. ஒன்றைச் சொல்ல வந்து, அதற்குப் பதில் ஜோக் அடித்து, நீயும் சிரித்து, வைத்துவிடுகிறோம். காகிதம் சிரிக்காது. அதனால் இது.

போன வாரம் உன் புது அறையைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாய். திரைச்சீலை நன்றாக இருக்கிறது, ஜன்னல் பெரிதாக இருக்கிறது என்று பதில் போட்டேன். நான் பார்த்தது திரைச்சீலையை அல்ல. அலமாரிக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து நின்ற கிட்டாரை. படம் புள்ளி புள்ளியாக உடைகிற வரை பெரிதாக்கிப் பார்த்தேன். தலைப்பகுதியில் என்ன பெயர் என்று படிக்க முடியவில்லை. கம்பிகளின் நுனியை யாரும் வெட்டவில்லை, பூனை மீசை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிறது. நேர் வெயிலில் வேறு நிற்கிறது.

ஒரு செருப்பு வாங்கினால்கூட இரண்டு கடையிலிருந்து படம் அனுப்பி எது நன்றாக இருக்கிறது என்று கேட்பவள் நீ. இந்த வீட்டில் ஏழு கிட்டார் இருக்கிறது. மரம், கம்பி, பிக்கப், பெடல் என்று பதினெட்டு வருஷமாக உன் காதைத் தின்றவன் நான். ஒரு கிட்டார் வாங்க என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லையே!

சரி, வாங்கியாயிற்று. முதலில் அதை வெயிலிலிருந்து எடு. பலகை வளைந்துவிடும். அப்புறம் பன்னிரண்டாவது ஃப்ரெட் கோட்டில் கம்பிக்கும் பலகைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று பார். உன் சுண்டுவிரல் நுனி உள்ளே போனால் அது கிட்டார் இல்லை, காய்கறி நறுக்குகிற சாமான். கம்பியை மெல்லிய செட்டாக மாற்று. இதையெல்லாம் செய்து தர அங்கே ஆள் இருக்கலாம். மவுத் ஆர்கன் வாசிக்கிற அந்த எலும்பு டாக்டர் இருக்கிறாரே.

அவரைப் பற்றி இரண்டு தடவை பேசினாய். முதல் தடவை, “நல்லா வாசிக்கிறார்” என்றாய். இரண்டாவது தடவை, “நான் பாடறதுக்கு ஏத்த மாதிரி வாசிக்கிறார்” என்றாய். அந்த இரண்டாவது வாக்கியத்தோடு ஒரு வாரம் குடித்தனம் நடத்தினேன். லேப்பில் ஒருவருடைய கடைவாய்ப்பல்லை இரண்டு மில்லிமீட்டர் அதிகமாகத் தேய்த்துவிட்டுத் திரும்பச் செய்தேன்.

நீ சந்தேகம் என்று நினைத்துக்கொள்ளாதே. அவர் வழுக்கை, பேரன் எடுத்தவர் என்று நீயே சொல்லியிருக்கிறாய். அவர் உன்னைப் பார்ப்பது எனக்குப் பிரச்சினை இல்லை. நீ பாடுவதற்கு ஏற்ற மாதிரி வாசிக்கிறாரே, அதுதான். எனக்கு அது ஒரு நாளும் வரவில்லை. பொறாமை என்று எழுதிவிடுகிறேன். வேறு நாகரிகமான சொல் தேடினேன், கிடைக்கவில்லை. அவர்மேல் இருப்பது கொஞ்சம்தான். மிச்சம் முழுக்க உன்மேல்.

உன் நோயாளி பஸ் கண்டக்டர் முதல் தடவை பாடிய அன்று, நீ பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஆஸ்பத்திரிக்கு உன்னை அழைத்துப்போக நான் வந்திருந்தேன், ஞாபகம் இருக்கும். பக்கவாதம் வந்து நாலு மாதமாக ஒரு சொல் பேசாத மனுஷர். பேச்சு போனாலும் சிலருக்குப் பாட்டு மிஞ்சி இருக்கும் என்று நீ சொல்லுவாய், நான் தலையாட்டுவேன். அதற்காகத்தான் என் பழைய கிட்டாரை எடுத்து மூன்று கார்டு கற்றுக்கொண்டாய், மூன்றே மூன்று விரல் பிடி. நோயாளிக்கு எந்தச் சொல் அவசரமோ அதையே பாட்டாக்கினாய்.

தண்ணி வேணும், தண்ணி வேணும்,
கதவைத் திற, காத்து வரட்டும்,
வலிக்குது, இங்கதான் வலிக்குது,
போகாதே, கொஞ்சம் இரு.

இவ்வளவுதான் பாட்டு. வார்டு வாசலில் நான் நிற்கும்போது அவர் இடது கையால் மேஜையைத் தட்டிக்கொண்டு, “தண்ணி... வேணும்” என்று பாடினார். குரல் கரகரவென்று வந்தது, ஆனால் சொல் முழுசாக வந்தது. அவர் மனைவி தண்ணீர் ஊற்றப் போய் டம்ளர் வழிய வழிய ஊற்றிக்கொண்டே நின்றார். வார்டு சிஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கட்டில்காரர்கள் எல்லோரும் உன்னையே பார்த்தார்கள்.

அந்த நேரத்தில் உன் வீட்டுக்காரன் மனதில் என்ன ஓடியது தெரியுமா? ‘சி கார்டில் மோதிரவிரல் சரியாகப் பதியவில்லை, ஒரு கம்பி ஊமையாக இருக்கிறது.’ சத்தியமாக அதுதான் ஓடியது. அதற்குப் பின்னாலேயே இன்னொன்றும் வந்தது. என் நோட்டில் நாற்பத்திரண்டு பாட்டு ஆரம்பித்து நிற்கிறது. ஒன்றுகூட முடியவில்லை. இவள் மூன்று மாதத்தில் ஒன்றை முடித்துவிட்டாள், அதை ஒருவர் தாகத்துக்குப் பாடுகிறார்.

பஸ்ஸில் வரும்போது உனக்கு இன்னும் கண் ஈரமாக இருந்தது. நான், “ரெண்டாவது வரியில சி சரியா விழல” என்றேன். நீ, “அப்படியா?” என்றாய். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

அதோடு விட்டிருக்கலாம். ஆஸ்பத்திரியில் பாட்டைப் பதிவு செய்து எல்லா வார்டிலும் போடலாம் என்றார்கள். நீ என்னிடம் வந்து, “நீங்கதானே வாசிக்கத் தெரிஞ்சவர், நீங்களே வாசிங்களேன்” என்றாய். எவ்வளவு நம்பிக்கையாகக் கேட்டாய்! நான் என்ன செய்தேன் என்று இப்போது ஒன்றுவிடாமல் எழுதுகிறேன்.

உன் மூன்று கார்டை ஒன்பதாக்கினேன். கிட்டார் பளபளவென்று கேட்க வேண்டும் என்று நாலாவது ஃப்ரெட்டில் கம்பிகளை இறுக்குகிற கேப்போ இடுக்கியை மாட்டினேன். அதனால் சுருதி ஏறியது, நீ எட்டிப் பிடித்துப் பாடினாய். வேகம் இழுக்கிறது என்று ஒன்றரை மடங்கு ஏற்றினேன். எதிரொலிக்கு ஒரு பெடலையும் சேர்த்தேன். “தண்ணி வேணும்” முடிந்ததும் எட்டு சுற்று தனி வாசிப்பு. தாகத்தோடு இருக்கிறவர் அந்த எட்டு சுற்று முடிகிற வரை காத்திருக்க வேண்டும்.

ஆர்வக் கோளாறு என்று அப்போது சொல்லியிருப்பேன். இல்லை. அது உன் பாட்டு என்று கேட்கிற யாருக்கும் தோன்றக் கூடாது என்று ஒரு மூலையில் எனக்குத் தெரிந்தே செய்தேன். பதிவு முடிந்ததும் உன் போனில் நீ பாடி வைத்திருந்த பழையதை, “அதை அழிச்சிடு, குழப்பம் வரும்” என்றும் நான்தான் சொன்னேன். நீ என் முன்னாலேயே அழித்தாய். பிறகு என் பதிவைக் கேட்டுவிட்டு, “நல்லாதான் இருக்கு. உங்க பாட்டு மாதிரியே இருக்கு” என்றாய். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு மூன்று நாள் விசிலடித்துத் திரிந்தேன். இந்த மாதிரி ஒரு மரமண்டைக்கு உன்னைக் கட்டிவைத்தார்கள்.

அடுத்த மாதமே நீ அந்த ஊர் ஆஸ்பத்திரிக்கு ஒன்பது மாதத்துக்கு எழுதிக் கொடுத்தாய். கிட்டாரை எடுத்துப் போகவில்லை. “பெட்டியில இடம் இல்ல” என்றாய்.

நீ போன பிறகு நடந்ததை உனக்குச் சொல்லவில்லை. ஆறு வாரம் முன்னால் வார்டு சிஸ்டர் லேப்புக்கே வந்தார். பல் விஷயம் என்று நினைத்து நாற்காலி போட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னார். “தப்பா நினைக்காதீங்க சார். நீங்க வாசிச்சது கேக்க ரொம்ப அழகா இருக்கு. ஆனா எங்க ஆளுங்களால அதுகூட சேர்ந்து பாட முடியல. கண்டக்டர் ஐயா தட்டறதையே நிறுத்திட்டார். பழைய ரெக்கார்டிங் இருக்கா?” உன்னிடம் கேட்டாயிற்றா என்றேன். கேட்டாராம். “என் வீட்டுக்காரர் வாசிச்சதுதான் சரியானது, அதையே போடுங்க” என்று நீ சொல்லிவிட்டாயாம்.

அந்த வாக்கியத்தை நீ எந்தக் குரலில் சொல்லியிருப்பாய் என்று எனக்குத் தெரியும். சண்டை போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

பழையது இல்லை, அழித்தாகிவிட்டது. அதனால் நானே வந்து வாசிக்கிறேன் என்று சிஸ்டரிடம் சொன்னேன். வீட்டில் உட்கார்ந்து பழகினேன். மூன்று கார்டு, பெடல் கிடையாது. இதில் என்ன பழக இருக்கிறது என்று நினைத்தேன். கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது, இடைவெளி கண்டால் எதையாவது நுழைக்கிறது. உன் அம்மா ஹாலிலிருந்து ஒரு மணி நேரம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “மாப்பிள்ளை, பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?” என்றார்கள். கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டார்கள். பாடும்போது மூன்று வரி வந்துவிடுகிறது. நாலாவது வரி வந்ததும் பாட்டை நிறுத்திவிட்டுக் கம்பிக்குச் சுருதி சேர்க்கப் போய்விடுகிறேன். அது எதனால் என்று எழுத வேண்டாம்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை காலை, நீ விட்டுப்போன கிட்டாரோடு வார்டுக்குப் போனேன். கண்டக்டர் என்னைப் பார்த்தார், என் பின்னால் வாசலைப் பார்த்தார். “டீச்சர்?” என்றார். அந்தச் சொல் பாட்டில் இல்லை, அதை அவராகவே கற்றுக்கொண்டிருக்கிறார். டீச்சர் வெளியூரில் இருக்கிறார்கள் என்றேன். முகம் தொங்கிப் போயிற்று. மரியாதைக்காவது மறைத்திருக்கலாம், மறைக்கவில்லை.

வாசிக்க ஆரம்பித்தேன். இரண்டாவது சொல்லிலேயே அவர் இடது கையை நீட்டிக் கம்பிகளை அழுத்திப் பிடித்துவிட்டார். சத்தம் நின்றது. கேப்போவை விரலால் சுட்டினார். பழக்க தோஷம், மாட்டியிருந்தேன். கழற்றினேன். பிறகு என் முழங்காலில் தட்டினார். தட்டு, இடைவெளி, தட்டு, இடைவெளி. அந்த இடைவெளியில் ஒரு சொல் தொண்டையிலிருந்து கிளம்பி வாய்க்கு வந்து சேர வேண்டும். அவருக்கு அவ்வளவு தூரம். நான் அவர் தட்டுக்கு வாசித்தேன். நாலு வரி முடிய நாற்பது நிமிஷம் ஆயிற்று. கடைசியில் என் சட்டை நனைந்திருந்தது. இத்தனை வருஷத்தில் இவ்வளவு கஷ்டமான உருப்படியை நான் வாசித்ததில்லை.

அன்று வீட்டுக்கு வரும்போது சந்தோஷமாக வந்தேன் என்று எழுத ஆசை. வயிறு எரிந்துகொண்டுதான் வந்தேன். இந்த இடைவெளியை இவள் எங்கே கற்றாள்? யார் சொல்லிக் கொடுத்தார்கள்? நான் சொல்லிக் கொடுக்கவில்லையே!

ஐந்து ஞாயிறு ஆகிவிட்டது. இப்போது கண்டக்டர், “வலிக்குது, இங்கதான்” என்று தோளைத் தொட்டுக் காட்டுகிறார். அதை வைத்து டாக்டர் தோளுக்குத் தனியாக வைத்தியம் ஆரம்பித்திருக்கிறார். இத்தனை மாதமாக வலித்திருக்கிறது, சொல்ல முடியவில்லை. பக்கத்துக் கட்டில் தையல்காரம்மாவும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்துகொண்டார்கள். போன வாரம் சிஸ்டர், “இப்ப நல்லா வாசிக்கிறீங்க சார்” என்றார். நான் உச்சி குளிர்வதற்குள், “டீச்சர் மாதிரி இல்ல, ஆனா பரவாயில்ல” என்று சேர்த்தார். என் பதிவை எல்லா வார்டிலும் நிறுத்திவிட்டார்கள். நானே எழுதிக் கொடுத்து நிறுத்தச் சொன்னேன். பதிவுச் சீட்டில் பாட்டு யாருடையது என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. அடித்துவிட்டு உன் பெயரை எழுதினேன். முதலிலேயே அங்கே உன் பெயர்தான் இருந்திருக்க வேண்டும்.

அங்கே இன்னும் ஒரு வருஷம் இருக்கச் சொல்கிறார்கள், என்ன செய்யலாம் என்று கேட்டாய். நான், “உன் இஷ்டம்” என்றேன். அது பதில் இல்லை, கதவைச் சாத்துகிற சத்தம். உண்மையான பதில் இது. உன்னால் சொல் கிடைக்கிறவர்கள் அங்கே இருந்தால் இரு. உன் அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளை விட மாட்டேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். இங்கே நாலு வரி தீர்ந்துவிட்டது. தையல்காரம்மாவுக்கு மகளைக் கூப்பிட வேண்டும், கண்டக்டருக்கு வீட்டுக்குப் போக வேண்டும் என்று சொல்ல வேண்டும். அடுத்த நாலு வரி வேண்டும். நான் எழுதிப் பார்த்தேன். பதினோரு தடவை. எல்லாம் என்னைப் பற்றியே வந்து நிற்கிறது. நீ எழுதி, நீயே பாடி அனுப்பு. அந்தக் கிட்டாரிலேயே வாசி, சி ஊமையாக விழுந்தால் விழட்டும். டாக்டர் மவுத் ஆர்கன் வாசித்தாலும் சரி. இந்த வரியை இரண்டு தடவை அடித்தேன், மூன்றாவது தடவை எழுதிவிட்டேன்.

உன் விரல் நுனிகள் காய்த்து வலி விடட்டும். தொண்டை கெடாமல் இருக்கட்டும். பேச்சுக்காக உன்னிடம் வந்து உட்காருகிறவர்கள் எல்லோரும் பேசட்டும். அவர்கள் எல்லோரும் பேசி முடித்த பிறகு, ஒரு நாள், அவசரமே இல்லை, என்னோடும் பேசு.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்