காக்கா கணக்கு

ஜூன் 4

வாலுவின் அப்பாவுக்கு,

நாங்கள் நலம். நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டால் ஆமாம் என்றுதான் எழுதுவீர்கள், அதனால் கேட்கவில்லை.

போன வாரம் நம் வாலு முதல் முறையாக "மா" என்றாள். அம்மாவில் பாதி. மீதி அடுத்த மாதம் என்று வைத்துக்கொண்டேன். காதில் வைத்த கருவியை மாதாமாதம் சரிபார்த்தால்தான் பேச்சு வரும் என்கிறார் டாக்டர். இந்தப் பக்கத்தில் அவரை விட்டால் வேறு காது நிபுணர் கிடையாது.

ஆனால் பட்டாளத்துக் குடும்ப அலுவலகத்தில் பயணப்படி தரமாட்டார்களாம். டாக்டர் இருக்கும் ஊர் நூறு கிலோமீட்டருக்கு மேல் இருக்க வேண்டுமாம். கிளார்க் சுவரில் இருந்த மேப்பில் ஸ்கேலை வைத்து அளந்தார்.

"எண்பதுதாம்மா வருது."

"நடுவுல ஏரி இருக்கே சார். பஸ் சுத்திக்கிட்டுதானே போகுது?"

"ரூல்ல தூரம்னுதான் இருக்கு. ரோடுன்னு இல்ல."

"அது காக்காவுக்குத் தூரம் சார். எனக்கு றெக்கை இல்ல."

வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவர் முகம் கறுத்துவிட்டது. மேல்முறையீட்டு மனுவை இத்துடன் வைத்திருக்கிறேன். உங்கள் கையெழுத்து இருந்தால்தான் வாங்குவார்கள். உடனே போட்டு அனுப்புங்கள்.

உங்கள் வாயாடி

ஜூன் 15

அன்புள்ள வாயாடிக்கு,

"மா" சங்கதியைச் சமையல்காரரிடம்கூடச் சொன்னேன். ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டார்.

நீ பேசியது உன் கடிதத்துக்கு முன்பே இங்கே வந்துவிட்டது. மேலதிகாரி கூப்பிட்டு, "உன் வீட்டம்மாவுக்கு வாய் கொஞ்சம் நீளமோ?" என்றார். பதவி உயர்வுப் பட்டியல் அவர் மேசையில்தான் கிடக்கிறது. இந்த நேரத்தில் மனு வேண்டாம். கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்புகிறேன், கோபித்துக்கொள்ளாதே. இரண்டு மாதம் பொறு. சம்பளம் கூடினால் யார் தயவும் நமக்கு வேண்டாம்.

உன் லாரி டிரைவர்

ஜூன் 24

வாலுவின் அப்பாவுக்கு,

கோபித்துக்கொள்ளாதே என்று எழுதியிருந்தீர்கள். கோபித்துக்கொண்டேன்.

பஸ்ஸுக்குக் காசில்லாமல் இந்த மாதம் டாக்டரிடம் போகவில்லை. நேற்று வாலு காதைப் பொத்திக்கொண்டு அழுதாள். கருவியைக் கழற்றி என் கையில் வைத்துவிட்டாள். இப்போது "மா"வும் இல்லை. காதுக்குப் பதவி உயர்வு வரும்வரை பொறுக்கத் தெரியாது.

என் வாய் நீளம்தான் என்று உங்கள் அதிகாரியிடம் சொல்லுங்கள். வாலுவுக்கு இன்னும் பேச்சு வரவில்லை. உங்களுக்கு வந்தும் பேசுவதில்லை. வீட்டில் மிச்சம் இருப்பது என் வாய்தான். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். நான் அழப்போவதில்லை, கேட்கப்போகிறேன்.

ஒன்று மட்டும் யோசியுங்கள். உங்கள் லாரிக்கு எந்தத் தூரத்தை வைத்து டீசல் போடுகிறார்கள்? அது ஏரிக்கு மேலே பறக்கிறதா?

அதே மனுவை மறுபடி வைத்திருக்கிறேன். இதுவும் கையெழுத்தில்லாமல் திரும்பினால், இனி நலம் விசாரித்து மட்டும் எழுதுவேன். மற்றதை நானே பார்த்துக்கொள்வேன்.

வாலுவின் அம்மா

ஜூலை 6

அன்புள்ள வாயாடிக்கு,

ஆம், அப்படித்தான் இன்னும் கூப்பிடுவேன்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஒளித்துச் செய்ய இது களவா என்ன? அதிகாரியிடமே கொண்டுபோய்க் காட்டினேன்.

"மறுபடியும் அந்தக் காக்கா விவகாரமா?" என்றார்.

"ஆமா சார். ரோட்டுல நூத்தி அறுபது. மேப்புல எண்பதுதான்னா, என் லாரிக்கும் அந்தக் கணக்குலயே டீசல் போடுங்க. வண்டி பாதி வழியில நிக்கும். மீதிச் சரக்கைக் காக்கா தூக்கிட்டு வரட்டும்."

அவர் சிரிக்கவில்லை. பட்டியலில் என் பெயர் இருக்காது. இல்லாவிட்டால் போகட்டும்.

மனுவின் அடியில் நானும் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: "தூரத்தில் சந்தேகம் இருந்தால், அளந்தவர் என் மனைவியோடும் மகளோடும் ஒருமுறை பஸ்ஸில் போய்வரட்டும்." அதிகம் என்று பட்டால் அடித்துவிடு. நீ அடிக்கமாட்டாய்.

முடிவு வரும்வரை காத்திருக்காதே. சம்பளத்தில் முன்பணம் வாங்கி அனுப்பியிருக்கிறேன். நாளைக்கே கிளம்பு. "மா" திரும்பி வரட்டும். "பா"வை அவசரப்படுத்தாதே, அது ஏரியைச் சுற்றிக்கொண்டு மெதுவாக வரட்டும்.

இப்படிக்கு,
நம் வீட்டின் இரண்டாவது வாயாடி