அண்ணனின் கச்சை

ஆகஸ்ட் 9

காலையில் ஹெரெல் அண்ணன் வந்தார். உப்புத் தேநீர் இரண்டு கிண்ணம் உள்ளே போன பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. என் மகள் தோலானா, இந்தக் கோடை நாதிம் விழா மேடையில் தொண்டைப்பாட்டுப் பாடக் கூடாதாம். பெண் பாடினால் கேடு வீட்டு ஆண்கள் மேல் விழும். எங்கள் வீட்டில் மிச்சமிருக்கும் ஆண் அவர் ஒருவர்தான்.

"வாத்தியாரம்மா, உன் பொண்ண நீ எப்படி வேணா வளத்துக்கோ. என் தலைய வச்சு சோதனை பண்ணாத."

சுவரைப் பார்த்தார். "ஆவிங்களுக்குப் பால் தெளிக்கிற கரண்டிய அழகுக்கு ஆணியில மாட்டுனவதானே நீ."

பல்கலைக்கழகத்தில் வருடா வருடம் ஒலியியல் நடத்துகிறேன். தொண்டைப்பாட்டுக்கு ஒரே தொண்டை, அடியில் ஓர் உறுமல், அதிலிருந்து நாக்கு பிரித்தெடுக்கும் சீழ்க்கை மேலே. அண்ணன்மாரைப் பற்றி அதில் பாடம் இல்லை.

ஆனால் விழாக்குழுவில் அவர் வைத்ததுதான் சட்டம்.

ஆகஸ்ட் 11

நிகழ்ச்சி நிரலில் அவள் பெயர் இல்லை. குளிர்காலம் முழுக்கப் பழகிய பெண். பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவினாள். நானாவது அண்ணனிடம் பேசியிருக்கலாமே? எனக்கு எப்போது பேச வந்தது.

ஆகஸ்ட் 14

விழாவில் இன்று மல்யுத்தம். எங்கள் மாவட்டத்து மல்லனுக்காக அண்ணன் பகல் முழுக்கக் கத்தினார். மல்லன் ஜெயித்தான், அண்ணனின் குரல் தோற்றது. வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. நாளைய கச்சேரியில் கடைசித் தொண்டைப்பாட்டு அவருடையது.

"அவ வீட்டுல பாடிப் பழகினாளே, அதான்," என்று கிசுகிசுத்தார்.

"நீங்க கத்தினது ஊருக்கே கேட்டுச்சு அண்ணே."

"கத்தினா போற தொண்டையா இது?"

அப்போது விழாக்குழுவிலிருந்து போன். அவர் இடத்தைப் பக்கத்து மாவட்டக்காரருக்குக் கொடுக்கப் போகிறார்களாம். அண்ணன் முகம் வெளுத்தது. கேட்டைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம் போல. பக்கத்து மாவட்டத்தைத் தாங்க முடியாது.

தன் இடுப்புக் கச்சையை அவிழ்த்துத் தோலானாவுக்கு இறுக்கிக் கட்டினார்.

"ஆவிங்க மூஞ்சியப் பாக்காது, கச்சையத்தான் பாக்கும். நாளைக்குப் பாடுறது நான்."

"சுதி தப்பினாலும் நீங்கதானே மாமா?"

ஆகஸ்ட் 15

பாடினாள். உறுமல் தொடங்கியதும் முன்னிருக்கையில் வைத்திருந்த என் கை அதிர்ந்தது. அதன் மேல் அந்தச் சீழ்க்கை, தனியே, யாருடையதும் இல்லாததுபோல். அதிர்வெண்ணைக் குறித்துக்கொள்ள நினைத்திருந்தேன். மறந்துபோயிற்று.

வந்தவர்கள் எல்லாரும் அண்ணனைப் பாராட்டினார்கள். அவரும் நெஞ்சில் கை வைத்து வாங்கிக்கொண்டார். பிறகு அவளை அழைத்துவர மேடைப் படியில் ஏறினார் — விழுந்தார். கணுக்கால் முறிவு.

அது உடைந்த படி. காலையிலேயே பார்த்தேன். என்னிடம் யார் கேட்டார்கள்? கூட்டமே தோலானாவைத் திரும்பிப் பார்த்தது.

இனி அவள் பாட்டு அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 18

ஆஸ்பத்திரி. அண்ணன் மாவுக்கட்டைத் தலையணை மேல் ஏற்றிவைத்து, வருகிறவர்களிடமெல்லாம் கிசுகிசுக்கிறார்: "பாத்தியா, என் மருமக பாட்டு! கச்சை கட்டியும் இவ்வளவு. கட்டலன்னா கழுத்தே போயிருக்கும். வேற எவன் வீட்டுப் பொண்ணுக்குடா இந்த வலு இருக்கு?"

"அது உடைஞ்ச படி அண்ணே."

"சும்மா இரு. பிள்ளை பேரக் கெடுக்காத."

அக்டோபர் 6

இன்று தோலானாவின் தனிக் கச்சேரி. ஏற்பாடு, அண்ணன். காலையிலேயே போன் செய்தார், குரல் திரும்பிவிட்டது.

"எனக்கு முன் வரிசையில இடம் போடு. அவ முடிக்கிற வரைக்கும் அசைய மாட்டேன். அசைஞ்சாத்தானே விழணும்?"

சிரித்தேன். சிரித்துவிட்டு, ஆணியிலிருந்து கரண்டியை எடுத்து, தூசி தட்டி, பால்கனியில் நின்று நாலு திசைக்கும் பால் தெளித்தேன். அண்ணனுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதென்று — அதெல்லாம் இல்லை. பால் மிஞ்சியிருந்தது, அவ்வளவுதான்.

தோலானா எழுவதற்குள் கரண்டியைக் கழுவி அதே ஆணியில் மாட்டிவிட்டேன்.