ஐந்து மணிக் கையெழுத்து

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எங்கள் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. நீ அங்கே ஆவணக் காப்பகத்துத் தூசிக்கு மூக்கைக் கட்டிக்கொண்டு, நேரத்துக்குச் சாப்பிட்டு, சுகமாக இருக்க வேண்டும். அப்பாவுக்கு முட்டி வலி தேவலாம், மாடிப்படியைத் திட்டிக்கொண்டேதான் ஏறுகிறார். உன் தம்பி இந்த வருஷம் மூன்றாவது வேலைக்கு மாறிவிட்டான், கேட்டால் முதலாளிதான் சரியில்லையாம், மூன்று பேருமே.

நீ அனுப்பிய அத்தியாயத்தை அப்பா கடையில் அச்செடுத்துக் கொண்டுவந்தார். பாதிதான் புரிந்தது. சட்டம் வந்த பிறகு எங்கள் நூல் மில்லில் பெண்களின் வேலை நேரம் எட்டு மணி நேரமாகக் குறைந்தது, வருகைப் பதிவேடே சாட்சி என்று எழுதியிருக்கிறாய். பத்தொன்பது வருஷம் டைம் ஆபீஸில் உட்கார்ந்து நான் எழுதிய பதிவேடு. ஒரு பக்கத்தைப் படமாகவே போட்டிருந்தாய். என் எழுத்து ஆராய்ச்சியில் வந்துவிட்டது என்று தலைகால் புரியாமல், மில்லில் நூல் கோன் சுற்றும் பிரிவில் வேலை பார்த்த அக்கா வீட்டுக்கு ஓடிக் காட்டினேன். நீ எழுதியதையும் வாய் ஓயாமல் சொன்னேன். ஏன்டி கிளார்க்கம்மா, உன் பொண்ணு இத்தனை வருஷம் படிச்சு, நாங்கெல்லாம் அஞ்சு மணிக்கே வீட்டுக்குப் போய்க் காலை நீட்டிட்டோம்னா கண்டுபிடிச்சிருக்கா என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு பக்கத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள், தேதியைப் பார்த்தாள், சிரிப்பு நின்றுவிட்டது. இது அஞ்சு விரலோட நான் போட்ட கடைசிக் கையெழுத்துடி என்றாள்.

உனக்கு நான் சொல்லாததைச் சொல்கிறேன். ஐந்து மணிக்குச் சங்கு ஊதியதும் எல்லாப் பெண்களும் என் மேஜைக்கு முன்னால் வரிசையில் வந்து, வெளியே போவதாகக் கையெழுத்துப் போடுவார்கள். போட்டுவிட்டு பஞ்சு குடோன் வழியாகத் திரும்பவும் மெஷினுக்கே போவார்கள். எட்டு மணி வரை ஓட்ட வேண்டும், மாட்டேன் என்றால் மறுநாள் வேலை இல்லை. நீ படமாகப் போட்ட பக்கத்தின் தேதியன்று ஏழு மணிக்கு அக்காவின் இரண்டு விரல்களை மெஷின் தின்றது. நஷ்டஈடு கேட்டபோது, விசாரிக்க வந்த அதிகாரி முன்னால் அந்தப் பக்கத்தைத் திருப்பிக் காட்டியவள் நான்தான். ஐந்து மணிக்கே போய்விட்டாள் ஐயா என்றேன். அவளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. மேனேஜருக்குப் பயந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம், அது பாதிதான். நானும் பஞ்சுத் தூசியிலிருந்து வந்தவள், மின்விசிறிக்குக் கீழே கிடைத்த நாற்காலியை விட மனசில்லை. அந்த நாற்காலியில் இருந்துகொண்டுதான் உன்னைப் படிக்கவைத்தேன். மேலே இருப்பவன் சொன்னதை எழுதுவது என் வேலை, அதில் பொய் எது மெய் எது என்று நான் பார்த்ததே இல்லை. அதனால்தான் நம் வீட்டுப் பரணில் கிடந்த பதிவேட்டை நீ கேட்டபோது வெட்கமில்லாமல் தூசி தட்டி, அட்டை போட்டுக் கொடுத்தேன்.

அந்த அத்தியாயத்தை இப்படியே கொடுத்துவிடாதே. பேராசிரியர் முன்னால் உனக்குத் தலைகுனிவுதான். ஏமாற்றியது என் அம்மா என்று சொல். பதிவேடு எழுதியவள் பொய் எழுதினாள் என்று என் பெயரைப் போட்டே எழுது. அப்பா வேண்டாம் என்கிறார், ஊர் சிரிக்குமாம். சிரிக்கட்டும்.

நேற்று மறுபடியும் அக்காவிடம் போனேன். வாசலிலேயே நிற்கவைத்துத்தான் பேசினாள். அவளும், அவளோடு வேலை பார்த்த நான்கு பேரும் உன்னிடம் நடந்ததைச் சொல்லச் சம்மதித்துவிட்டார்கள். நான் உடனே, நீங்கள் சொல்லச் சொல்ல நானே எழுதி அனுப்பிவிடுகிறேன் அக்கா என்றேன். நீ எழுதினதெல்லாம் போதும்மா, உன் பொண்ணு கேக்கட்டும், நீ வீட்டுக்குள்ளயே இருக்கக் கூடாது என்றாள்.

நீ எடுத்த காரியம் நல்லபடி முடிய வேண்டும், நீ எழுதுவது நாளைக்கு யார் முன்னாலும் நிற்க வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஐந்து பேரும் நம் வீட்டுக்கு வருகிறார்கள், மறக்காமல் கூப்பிடு. போனை அக்கா கையில் கொடுத்துவிட்டு நான் தெருவில் போய் நிற்கிறேன். அவர்கள் சொன்னது சரிதானா என்று பிறகு என்னிடம் கேட்காதே.

உன் அம்மா