மூன்று அட்டைகளுக்குப் பதில்

தங்கச்சி,

நேற்று தபாலில் ஒரு தடித்த உறை வந்தது. நான் படித்த நாட்டில் ஒரு பேராசிரியர் இறந்துபோனார். அவருடைய மேசையை ஒழித்தபோது கிடைத்ததென்று அவர் மனைவி அனுப்பியிருக்கிறார். உள்ளே என் முதல் கட்டுரையின் அச்சுப் பிரதி. அதனோடு தமிழ்ப் பத்திரிகைத் தாளில் மடித்த சின்னப் பொட்டலம். குடித்தது போக மிச்சமிருந்த நம் தோட்டத்துத் தேயிலைத்தூள். அதன் வாசனை எப்போதோ போயிருக்க வேண்டும். எனக்கு மட்டும் அடித்தது. இந்த வயதில், மேசையில் தலையைச் சாய்த்து அழுதேன்.

பக்கத்திலேயே பல்கலைக்கழகத்தின் படிவம் கிடந்தது. ஓய்வு பெறுகிறேன் அல்லவா, எத்தனை கட்டுரை எழுதினாய், அவற்றைப் பிறர் எத்தனை தடவை மேற்கோள் காட்டினார்கள் என்று கேட்கிறார்கள். துகள் இயற்பியலில் இத்தனை காலம் மண்டையை உடைத்து எழுதியவற்றில் பாதியை நானும் என் மாணவர்களும்தான் படித்திருப்போம். உலகம் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டியது அந்த முதல் கட்டுரையைத்தான். எழுபதுகளின் கடைசியில், பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தற்காலிக வேலை முடிந்து வந்து, தோட்டக் கூலிகளுக்கென்று கட்டிய வரிசை வீட்டில், நம் லயத்துக் காம்பராவில் உட்கார்ந்து திருத்திய கட்டுரை. வேறு நிலையான விலாசம் இல்லாததால் மஸ்கெலியாவில் நம் தோட்டத்து விலாசத்தையே அதில் போட்டேன்.

அந்தக் காலத்தில் ஒரு கட்டுரை வேண்டுமென்றால் எழுதியவருக்கே அஞ்சலட்டை போட்டுக் கேட்பார்கள். மேற்படிப்புக்குப் புறப்படும்போது பிரதிகளை ஒரு தகரப்பெட்டியில் போட்டு உன்னிடம் கொடுத்தேன்.

"அட்டை வந்தா ஒண்ணு அனுப்பிவிடு."

"இதுல என்னண்ணே எழுதியிருக்கீங்க?"

"கண்ணுக்குத் தெரியாத துகளெல்லாம் எப்படி ஒடையுதுன்னு."

"கண்ணுக்கே தெரியாததுக்கு இம்புட்டுக் கடதாசியா!" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய்.

ஐந்தாம் வகுப்போடு கொழுந்துக் கூடையைத் தூக்கியவள் நீ. இங்கிலீஷ் தெரியாது. அட்டையைப் பார்த்து ஒவ்வோர் எழுத்தாக விலாசத்தை வரைந்திருக்கிறாய். வேலை இல்லாத நாளில் தபால் கந்தோருக்கு நடந்திருக்கிறாய். மாதாமாதம் உனக்குக் கிடைக்கும் தேயிலைத்தூளில் கொஞ்சம் எடுத்து, ஒவ்வோர் உறையிலும் ஒரு பொட்டலம் வைத்திருக்கிறாய். எனக்கு இது எதுவும் தெரியாது.

தெரிந்தது ஒரு கருத்தரங்கில். இப்போது இறந்துபோன அந்தப் பேராசிரியர்தான் கையை நீட்டிக்கொண்டு வந்தார். "தேயிலைக் கட்டுரை நீங்கள் எழுதியதுதானே? ஒரு கோப்பை போட்டுக் குடித்துக்கொண்டே படித்து முடித்தேன்" என்று சிரித்தார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். அதில் துளி கேலி இல்லை என்று இப்போது தெரிகிறது. அன்று எனக்கு உடம்பெல்லாம் கூசியது. என் அப்பாவுக்குச் சொந்தமாகத் தேயிலைத் தோட்டம் இருக்கிறதென்று அங்கே எல்லாரும் நினைத்திருந்தார்கள். நான் மறுத்துச் சொன்னதில்லை.

அன்றைக்கே உனக்கு எழுதினேன். "நான் என்ன தேயிலைக் கடையா வைத்திருக்கிறேன்? என் மானத்தை வாங்காதே."

உன் பதில் இன்னும் என் பணப்பையில் இருக்கிறது.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. அம்புட்டுத் தூரத்துல இருந்து ஒங்களத் தேடிக் கேக்குறாங்க. நம்ம வீட்டுக்கு வந்தவங்கள தேத்தண்ணி கொடுக்காமயா அனுப்புவோம்? இனிமே வைக்கல. இன்னும் மூணு அட்டை வந்து கெடக்கு. அதுக்கு அனுப்பவா, வேணாமா? ஒரு வரி எழுதுங்க."

நான் எழுதவில்லை. நேரம் இல்லையென்று எனக்கே பொய் சொல்லிக்கொண்டேன். வீம்பு, வேறொன்றுமில்லை. இரண்டு மாதம் போனது. பிறகு தந்திதான் வந்தது. அடைமழையில் உனக்குக் காய்ச்சல் கண்டிருக்கிறது. தோட்டத்து லொறி வரத் தாமதமாகி, ஹட்டன் போகிற வழியிலேயே போய்விட்டாய். நான் வந்து சேர்ந்தபோது உன்னைப் புதைத்த இடத்தில் புல் முளைத்திருந்தது.

பெட்டியைத் திறந்தேன். வந்த அட்டைகளையெல்லாம் நூலால் கட்டி வைத்திருந்தாய். மேலே மூன்று உறைகள். விலாசம் வரைந்து, முத்திரை ஒட்டி, வாயை மட்டும் ஒட்டாமல். உள்ளே பிரதி மட்டும் இருந்தது. நான் சொன்னபடியே தேயிலை வைக்கவில்லை. என் ஒரு வரிக்காகக் காத்துக்கிடந்த உறைகள், தங்கச்சி.

படிவத்தை நிரப்ப உட்கார்ந்தபோது அந்த அட்டைக் கட்டையும் பிரித்துப் பார்த்தேன். என்னை முதலில் மேற்கோள் காட்டியவர்கள் எல்லாருமே உனக்கு அட்டை போட்டவர்கள். தேயிலைக்காகப் படித்தார்கள் என்று சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்ல என் படிப்பு விடாது. ஆனால் அந்த மூன்று பேரின் பெயரை, மேற்கோள் காட்டியவர்களின் பட்டியல் முழுக்கத் தேடினேன். எங்கேயும் இல்லை.

படிவத்தில் கேட்டதையெல்லாம் எழுதிவிட்டேன். உன் பெயரை எழுத அதில் இடம் எதுவும் இல்லை. மூன்று உறைகளும் இப்போது என் முன்னால் இருக்கின்றன, வாய் ஒட்டாமலே. ஒரு வரி கேட்டாயே, இப்போது எழுதுகிறேன்.

மூன்று பேருக்கும் அனுப்பு, தங்கச்சி. தேயிலை வைத்து அனுப்பு.