ஏழாம் எண் குழாய்

ஜனவரி 25. வயது எழுபத்து நான்கு, மூன்று மாதம், ஐந்து நாள்.

இன்று பாபநாசத்திற்குத் தங்கை மகள் கிரேஸி வந்திருந்தாள். கொரோனா வைரஸ் புகுந்த மனித செல்களில் எந்த மரபணுக்கள் முடுக்கப்படுகின்றன என்று கணினியில் ஒப்பிடுவது அவளுடைய ஆய்வு. ஒப்பீட்டுக்காக, தொற்றுக் காலத்தில் நோயில்லாதவர்களின் மூக்கிலிருந்து செல்களைச் சேகரித்தாள். நானும் கொடுத்தேன். குழாயில் பெயர் கிடையாது, எண் மட்டுமே.

“ஏழாம் நம்பர் மட்டும் நோயாளியோடது மாதிரியே காட்டுது, பெரியம்மா. நான்தான் குழாயை மாத்தி வச்சுட்டேன்னு கைடு சொல்றாரு.”

“நீ என்ன சொன்ன?”

“என்னத்தச் சொல்ல? அந்த ஈஸ்டர் வாரத்துல லேப்லேருந்து கொரோனாவக் கொண்டுவந்து அம்மாவுக்கே ஒட்டவச்சு சாகடிச்சவதானே நான். ஆராய்ச்சிய விட்டுடலாம்னு இருக்கேன்.”

நாற்பதாண்டு விலங்கியல் கற்பித்த என் வாய், “காபி ஆறுது, குடி” என்றது. இத்தனை ஆண்டுகளும் அவள் தன்னையே குற்றம் சொல்லிக்கொள்ளும்போதெல்லாம் ஆறுதல் சொன்னதும் இதே வாய்தான்.

கிரேஸி எதையும் மாற்றி வைக்கவில்லை. ஏழாம் எண் என்னுடையது. செல் கொடுத்த அன்று காலையிலேயே எனக்குக் காபியின் மணம் தெரியவில்லை. சொன்னால் ஈஸ்டர் விருந்துக்கு வராதே என்பார்கள் என்று மறைத்தேன். மறுநாள் அந்த விருந்தில் தங்கைக்குப் பக்கத்தில் அமர்ந்து சாப்பிட்டேன்.