மாட்டுப் பேசினில் வடித்த கூலண்ட்

ஞாயிறு, இரவு

காரின் பழைய கூலண்டை, இன்ஜின் சூட்டைத் தணிக்கும் அந்தப் பச்சைத் தண்ணீரை, வடிக்கக் கைக்குக் கிடைத்த பேசினை அடியில் வைத்தேன். மாரியக்காவின் மாட்டுக்காக எங்கள் தோட்டத்து லயத்தில் எல்லா வீட்டாரும் கழனித்தண்ணீர் ஊற்றுகிற பேசின் அது. எனக்கு அறிவு எங்கே போனது?

புதியதை ஊற்றிவிட்டுக் கை கழுவப் போனேன். திரும்பி வந்தால் மாடு நிற்கிறது. பேசினில் ஒரு சொட்டுப் பச்சைகூட மிச்சமில்லை. மூக்கை நக்கிக்கொண்டு, இன்னும் கொடு என்பதுபோல் என்னைப் பார்த்தது.

தானா ராத்தாவில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் செல்வத்துக்குப் போன் செய்தேன்.

"அது இனிக்கும்டா, மாடு விடாது. ஆனா வெஷம் லா. இப்பவே அக்காகிட்ட சொல்லு, மாட்டு டாக்டரக் கூப்பிடட்டும்."

அக்கா வாசல்வரை போனேன்.

"என்னா தம்பி, கார் வேலை முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சுக்கா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். புருஷன் போனபின் அந்த மாடுதான் அவருக்குச் சோறு போடுகிறது. எந்த வாயால் சொல்வேன்?

சாப்பிடும்போது மனைவியிடம், "நாளைக்குப் பாப்பாவுக்கு அக்காகிட்ட பால் வாங்காதே" என்றேன். காரணத்தையும் சொன்னேன். அவள் சோற்றில் வைத்த கையை எடுத்தாள்.

"அப்ப மத்த வீட்டுப் பிள்ளைங்க?"

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

விடிவதற்குள் அக்கா பால் கறந்து வீடு வீடாக ஊற்றிவிடுவார். மாடு அதுவரை நிற்குமோ என்னவோ. மூன்று தடவை கதவுவரை போய்த் திரும்பிவிட்டேன். இதை உட்கார்ந்து எழுதுவதும் அங்கே போகாமல் இருக்கத்தான்.